பள்ளிக்கு வருகிறேன்

பெல்வொர்த், சஸ்காட்சுவான்
ஜனவரி 14, 2019

அன்புள்ள ஆறாம் அறைக்கு,

நலம். நீயும் உன் தங்கை ஆக்னெஸும் அந்தச் சோம்பேறி நாயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நேற்று மைனஸ் முப்பத்தெட்டு. பேருந்துகள் ஓடவில்லை. ஆனாலும் பள்ளியைத் திறந்துதானே வைக்க வேண்டும்? வந்து சேர்ந்த பதினொரு குழந்தைகளும் நானும் சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, விளையாட்டுக் கூடத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்தோம். பள்ளி முதல்வர் பந்து உருட்டியதை வெளியே சொல்லிவிடாதே.

உன் போன கடிதத்தில் முழங்கால் பற்றி மூன்று பக்கம். அதில் இரண்டு பக்கம் உதாரணங்கள். இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருந்தோம். சுவர் வழியாகக் கேட்டது போதாதென்று இப்போது தபாலிலும் வருகிறது. என்றாலும், அந்நாளில் நாம் வகுப்புக்கு வகுப்பு அனுப்பிக்கொண்ட துண்டுச்சீட்டுகளைப் போல, உன் கடிதம் வந்தால் நான் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுகிறேன்.

இப்போது செய்தி. உட்கார்ந்து படி. நம் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவே சாமான்கள் போட்டு வைத்திருந்த சிறிய அறை இருந்ததே, அதைச் சீர்செய்து மாணவர் நலனுக்கென்று ஒரு அறை ஆக்குகிறோம். கல்வி வட்டாரக் குழு ஒப்புதல் தந்துவிட்டது. உள்ளே உன்னுடைய இரண்டு நாற்காலிகள். கதவில் உன் பெயர்: லோர்னா ஃப்ரீசன் அறை. சண்டை தீர்க்கும் உன் முறை இப்போது வட்டாரத்தின் பதினான்கு பள்ளிகளிலும் இருக்கிறது, தெரியுமா?

ஜூன் 24 திறப்பு. வராமல் முழங்காலைச் சாக்குச் சொன்னால் நானே அங்கே வந்து தூக்கிக்கொண்டு வருவேன். உன் முறை எப்படித் தொடங்கியது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. ஒரே பக்கம்.

உன்,
ஏழாம் அறை (டோரீன்)


மஹோன் பே, நோவா ஸ்கோஷியா
ஜனவரி 29, 2019

அன்புள்ள ஏழாம் அறைக்கு,

உன் கடிதத்தை ஆக்னெஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “செத்தவங்க பேரத்தானே கதவுல எழுதுவாங்க?” என்றாள். அவளுக்குப் பொறாமை. நான் இரண்டு நாளாக வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்கிறேன், முழங்கால் வலியோடு.

எப்படித் தொடங்கியது என்று கேட்டாய். உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

1994, நவம்பர். நாலாம் வகுப்பு. வெண்டெலும் கர்டிஸும். எதற்குச் சண்டை என்று இருவருக்கும் தெரியாது, தினமும் சண்டை. “அவன்தான் டீச்சர்”, “இல்ல, அவன்தான்.” ஒருநாள் எனக்கு அலுத்துப்போயிற்று. ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டேன். அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, இந்தச் சண்டையில் உன் பங்கு என்ன என்பதை மட்டும் சொல் என்றேன். இருவரும் சொல்லும்வரை ஒருவரும் எழக் கூடாது. அவ்வளவுதான் விதி.

ரொட்டி மாவு பிசைவதைப் போலத்தான் அது. முதலில் கையில் ஒட்டும், எரிச்சல் வரும். விடாமல் பிசைந்தால் தானே திரண்டு வரும். இருபது நிமிடம் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வெண்டெல் மெதுவாக, “என் பங்கு, நான் முறைச்சுப் பார்த்தேன்” என்றான். கர்டிஸும் ஏதோ சொன்னான். அன்று மதியம் நான் பார்த்த காட்சியை நீ நூறு தடவை கேட்டிருப்பாய்: அதே ஜன்னலோரம் இருவரும் ஒரே சாண்ட்விச்சை ஆளுக்குப் பாதி தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வருடம் முழுக்க அப்படித்தான். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் நான் இந்தச் சாண்ட்விச் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பக்கம் முடிந்துவிட்டது. ஒரே பக்கம் என்றாய், பார், அடக்கமாக இருக்கிறேன்.

நாற்காலிகள் புதியவையா? பழைய மர நாற்காலிகளைத் தேடிப் பார். ஒன்றின் கால் ஆடும்; அதில் பெரிய பையனை உட்கார வைக்க வேண்டும், அப்போதுதான் அவன் கொஞ்சம் அடங்குவான்.

உன்,
ஆறாம் அறை (லோர்னா)


பெல்வொர்த்
பிப்ரவரி 20, 2019

அன்புள்ள ஆறாம் அறைக்கு,

நாற்காலிகள் கிடைத்தன. கால் ஆடுவதைத் தச்சர் ஒட்டிவிட்டார், மன்னித்துவிடு.

உன் பக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. உன் காலத்தில் வாயால் சொன்னார்கள். நான் முதல்வரான பிறகு ஒரு சீட்டு அச்சடித்தோம். இடது பாதியில் ‘என் பங்கு’, வலது பாதியிலும் ‘என் பங்கு’, கீழே இரண்டு கையெழுத்து, அதற்குக் கீழே ‘தீர்ந்தது’ என்று ஒரு கட்டம். வேலை சுலபமாயிற்று. இந்தக் கல்வியாண்டில் இதுவரை அறுபத்தொரு சச்சரவு. அறுபத்தொன்றும் தீர்ந்தது.

உனக்குப் பிடித்த மாதிரி நானும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ரோக்ஸேன் பரனியுக் நினைவிருக்கிறதா? உன் மாணவி, எப்போதும் பென்சிலைக் கடிப்பாளே. இப்போது ஐஸ் ஹாக்கி அரங்கின் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுக்கிறாள். அவள் மகள் ப்ரின் எட்டாம் வகுப்பு. ஹாக்கிப் பையன்களோடு அவளுக்குச் சின்னச் சின்ன உரசல். அடிக்கடி வயிற்று வலி என்று வீட்டிலேயே நின்றுவிடுகிற பெண். போன மாதக் கடைசியில் மூன்றாம் தடவையாக நாற்காலியில் உட்கார வைத்தேன். வெகுநேரம் எழுதவே இல்லை. கடைசியில் என்ன எழுதினாள் தெரியுமா? ‘என் பங்கு: பள்ளிக்கு வருகிறேன்.’ இப்படி ஒரு வாக்குறுதியை எந்தக் குழந்தையும் எனக்கு எழுதித் தந்ததில்லை. திறப்பு விழாவில் பெயரைச் சொல்லாமல் இதை வாசிக்கப் போகிறேன்.

இப்போது கொஞ்ச நாளாக வரவில்லை. காய்ச்சல் பரவியிருக்கிறது. சரியாகிவிடும்.

உன்,
ஏழாம் அறை


மஹோன் பே
மார்ச் 11, 2019

அன்புள்ள ஏழாம் அறைக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி. உன்மேல் கோபப்பட்டு எழுதவில்லை.

ரோக்ஸேன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் தபாலில் ஓர் உறை வந்திருந்தது. உள்ளே மூன்று சீட்டுகளின் நகல். நீ பெற்றோருக்குக் கொடுக்கிற நகல்தான். கடிதம் எதுவும் இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. தேதி வாரியாக மேசையில் அடுக்கினேன்.

அக்டோபர். எதிர் நாற்காலியில் இருந்த ஹாக்கிப் பையன் கோல்பி எழுதியது: ‘என் பங்கு: கேலி செய்தேன்.’ ப்ரின் எழுதியது: ‘என் பங்கு: என் ஜாக்கெட்டில் எண்ணெய் வாசனை.’

டிசம்பர். கோல்பி: ‘என் பங்கு: சிரித்தேன்.’ ப்ரின்: ‘என் பங்கு: வீட்டில் சொன்னேன்.’

ஜனவரி. கோல்பி: ‘என் பங்கு: சத்தம் போட்டேன்.’ ப்ரின்: ‘என் பங்கு: பள்ளிக்கு வருகிறேன்.’

டோரீன், அது வாக்குறுதி இல்லை. முதல் இரண்டையும் படித்துவிட்டு மூன்றாவதைப் படி. நீ செய்த தப்பு என்ன என்று கேட்டோம். ஜாக்கெட் என்றாள். அதை அவள் துவைத்துவிட்டாள், கேலி நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னது தப்பு என்றாள். சொல்வதை நிறுத்திவிட்டாள், அப்போதும் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பள்ளிக்கு வருகிறேன், அதுதான் என் தப்பு என்று எழுதியிருக்கிறாள். நாம் ‘தீர்ந்தது’ என்று குறி போட்டோம். அவளும் அதைத் தீர்த்துவிட்டாள், வருவதை நிறுத்தி.

ரோக்ஸேன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செப்டம்பரிலிருந்து கோல்பியோடு சேர்த்து நாலு ஹாக்கிப் பையன்கள், ப்ரின் பக்கத்தில் வந்தால் “ஸ்ஸ்ஸ்” என்று ஓசை எழுப்புவார்களாம். கொதிக்கிற எண்ணெயில் உருளைக்கிழங்கு விழுகிற ஓசை. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஸ்ஸ்ஸ். பதில் சொல்ல எழுந்தால் ஸ்ஸ்ஸ். கெட்ட வார்த்தை இல்லை, தொடவில்லை, தள்ளவில்லை. அதே பையன்கள் சனிக்கிழமை கேன்டீனில் வரிசையில் நின்று ரோக்ஸேன் கையால் உருளைக்கிழங்கு வாங்கித் தின்கிறார்கள். “தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் போறாங்க டீச்சர். நல்லா வளர்த்த பசங்க” என்றாள்.

மூன்றாம் தடவை அந்தப் பெண் ஒன்றே கால் மணியிலிருந்து மூன்றரை வரை அந்த நாற்காலியில் இருந்திருக்கிறாள். கோல்பி ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டான். பிறகு, “சீக்கிரம் எழுது, எனக்கு பிராக்டிஸ் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். வெளியே பேருந்தும் அவளுக்காக நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நீ மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாயாம்.

அவள் அந்த ஜாக்கெட்டைத் துவைத்துத் துவைத்து ஜிப் பிய்ந்துவிட்டது. பிப்ரவரியில் பதினொரு நாள் சாஸ்கட்டூன் மருத்துவமனையில் இருந்திருக்கிறாள். ஏன் என்று ரோக்ஸேன் சொல்லவில்லை, “கேக்காதீங்க டீச்சர்” என்றாள். நான் கேட்கவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். ஓர் உதாரணம்கூட வாய்வரை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் குறுக்கிட்டாள்.

“டீச்சர், நான் சண்டைக்கு வரல. ஒரே ஒரு கேள்வி. இதுல அவ பங்கு என்னன்னு நீங்களே சொல்லுங்க. ஆறு மாசமா நானும் தேடுறேன், கிடைக்கல.”

அவள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற செப்டம்பரில் ப்ரின்னை பிரின்ஸ் ஆல்பர்ட்டில் அத்தை வீட்டில் விட்டு அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போகிறாள். ஜூன் கடைசியில் அவளுடைய கோப்பு அங்கே போகும். அதில் ‘இருதரப்புச் சச்சரவு, மூன்று முறை, தீர்ந்தது’ என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு நடந்ததை எழுத வேண்டும்: இந்தப் பெண்ணை நான்கு பேர் ஐந்து மாதம் துன்புறுத்தினார்கள், அதில் அவளுக்குப் பங்கு இல்லை. கீழே முதல்வர் கையெழுத்து. புதிய பள்ளிக்காரர்கள் அவளைச் சண்டைக்காரி என்று நினைத்துத் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீ செய்வாய் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை எனக்குத் தெரியும்.

உன்,
ஆறாம் அறை


பெல்வொர்த்
மார்ச் 25, 2019

அன்புள்ள லோர்னா,

உன் கடிதம் கிடைத்து எட்டு நாள் ஆகிறது. மருத்துவமனை விஷயம் எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்றுதான் அலுவலகத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படித்த அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஆனால் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, எந்த ஆசிரியரும் அந்த ஓசையைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பற்களுக்கு நடுவில் வருகிற காற்றை நான் எப்படிப் பதிவேட்டில் எழுதுவது? கோல்பிக்கும் பதின்மூன்று வயதுதான். ‘துன்புறுத்தினான்’ என்று எழுதினால் அது அவன் கோப்போடும் போகும். நாளைக்கு அவன் அம்மாவும் உனக்கு உறை அனுப்புவாள்.

இரண்டாவது, வட்டாரக் குழுவின் வக்கீல், கையெழுத்தான சீட்டை யாரும் மாற்றக் கூடாது என்கிறார். ஒன்றை மாற்றினால் பதினான்கு பள்ளிகளிலும் ஐந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள் என்கிறார்.

மூன்றாவதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ‘நாம்’ என்று எழுதியிருக்கிறாய், ஆனால் கடிதம் முழுக்க ‘நீ’ என்றுதான் கேட்கிறது. பேருந்து நின்றதாம், நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேனாம். இருவரும் சொல்லும்வரை ஒருவரும் எழக் கூடாது: யார் விதி அது? புது ஆசிரியையாக இருந்த என்னிடம் நீ சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “நீ நீதிபதி ஆகாத. நாற்காலியைப் போட்டுட்டு உன் வேலையப் பாரு. அவங்களே முடிச்சுக்குவாங்க.” நான் நாற்காலியைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

உன் சாண்ட்விச் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது யாருடைய சாண்ட்விச் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? உன் ஜன்னலோரத்தில் பார்த்தால் இரண்டு பையன்கள் ஒரு சாண்ட்விச்சைத் தின்பது தெரியும். என் ஜன்னல், சாப்பாட்டுப் பெட்டிகள் வைக்கிற வராந்தாப் பக்கம். அது யார் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தினமும் வெண்டெலின் பெட்டி. தினமும் கர்டிஸ் முதலில் கடிப்பான், மிச்சத்தை அவனிடம் கொடுப்பான். அதுதான் அவர்களுடைய சமாதானம். அந்த வருடம் பதினொரு தடவை நீ வெண்டெலை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாய். பதினொரு தடவையும் முதலில் பேசியவன் அவன்தான். நீ அதை நல்ல குணம் என்று பாராட்டினாய்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்.

கடற்கரையில் நாயோடு நடந்துகொண்டே என்னைக் கேள்வி கேட்பது சுலபம், லோர்னா. ஜூன் 24க்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. தயவுசெய்து வா. வந்து பேசிக்கொள்ளலாம்.

டோரீன்


மஹோன் பே
ஏப்ரல் 9, 2019

அன்புள்ள டோரீன்,

நீ சொன்னது சரி. ‘நாம்’ என்று எழுதிவிட்டு உன்னை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

வெண்டெலைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் இப்போது நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறான் என்பது எனக்குத் தெரியாது. உன் பள்ளிக்கு முன்னால் இருக்கிற சாலையைக் காலை ஆறரைக்குள் அவன்தான் வாரிவிடுகிறானாமே. “பசங்க வழுக்கி விழக் கூடாதுல்ல டீச்சர்” என்றான். குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் தடித்திருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். சிரித்தான். “அது பழைய கதை, விடுங்க டீச்சர்” என்றான். நான் விடவில்லை.

“அந்த நாற்காலியில நான் கத்துக்கிட்டது ஒன்னுதான். தப்பு என்மேலன்னு முதல்ல சொல்லிட்டா சாப்பாட்டு மணிக்குள்ள எந்திரிச்சிடலாம். அப்புறம் எங்கம்மாகிட்ட பசிக்குதுன்னு சொல்லி ரெண்டு சாண்ட்விச் கட்டச் சொன்னேன். ரெண்டாவதையும் அவனே தின்னான்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க நல்ல டீச்சர். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க.”

ஒன்பது வயதுப் பையன் என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீயும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் ஊர் ஊராகப் போய் அந்தச் சாண்ட்விச்சைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இரண்டு சம பலமுள்ள குழந்தைகள் சண்டை போட்டால் அந்த நாற்காலிகள் நல்லவைதான், அதை இன்றும் சொல்வேன். ஒரே அளவு கனமுள்ள இருவர் ஏறி இறங்கும் சீசாப் பலகையில் உட்கார்ந்தால் விளையாட்டு. ஒரு பக்கம் நாலு பேர் உட்கார்ந்தால் எதிரே இருப்பவள் அந்தரத்தில் தொங்குவாள். அப்போது அவளிடம் போய், நீ தொங்குவதில் உன் பங்கு என்ன என்று கேட்பதா? கனத்தைப் பார்க்க வேண்டியவள் ஆசிரியை. அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தோம்.

கதவில் என் பெயர் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்பதல்ல, வேண்டவே வேண்டாம்.

ரோக்ஸேன் அனுப்பிய நகலின் பின்பக்கத்தில் நம் சீட்டைப் போலவே கோடு போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பாதியை நிரப்பிவிட்டேன்: ‘என் பங்கு: யார் சாண்ட்விச் என்று கேட்கவில்லை. கேட்காததை ஒரு முறையாக்கி எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன்.’ கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வலது பாதி உன்னுடையது. நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். அதை யாரிடமும் காட்ட மாட்டேன்.

கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்று, டோரீன். வக்கீல் வேண்டாம் என்றால் சீட்டை மாற்றாதே, அதோடு ஒரு தாளைச் சேர்த்துக் குத்து. கோல்பியின் பெயர்கூட வேண்டாம். ‘அவளுக்குப் பங்கு இல்லை’ என்று ஒரு வரி, கீழே உன் பெயர். அந்தப் பெண் ஒரு வாக்கியத்தை நம்பி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அதே பள்ளியிலிருந்து இன்னொரு வாக்கியம் வர வேண்டும். என்னிடமிருந்து வந்தால் போதாது.

ஜூன் கடைசிவரை நாள் இருக்கிறது. காத்திருக்கிறேன்.

உன்,
ஆறாம் அறை


பெல்வொர்த்
மே 6, 2019

அன்புள்ள லோர்னா,

நீ அனுப்பிய சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வலது பாதியில் பென்சிலால் எழுதி அழித்தது தெரியும். உற்றுப் பார்க்காதே.

இந்த விஷயத்தில் நான் எதையும் எழுத்தில் தரக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். தனிப்பட்ட கடிதத்திலும் கூடாதாம். இந்தக் கடிதமே அதை மீறியதுதான். ப்ரின் வீட்டுக்கு ஒருநாள் கேக் எடுத்துக்கொண்டு போனேன். ரோக்ஸேன் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, “எழுதிக் கொண்டுவந்தீங்களா?” என்றாள். இல்லை என்றேன். கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அறையின் பெயர் குழுவின் தீர்மானம். பலகை வந்துவிட்டது. மாற்ற முடியாது.

எனக்கு இன்னும் ஒரு வருடம்தான். அதை அமைதியாக முடிக்க விடு.

டோரீன் கோவல்ச்சுக்


மஹோன் பே
ஜூலை 22, 2019

டோரீன்,

மே மாதத்துக்குப் பிறகு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இது நாலாவது. நீளமாக எழுத மாட்டேன்.

ஊர்ப் பத்திரிகையில் வந்த திறப்பு விழாப் படங்களை வெண்டெல் வெட்டி அனுப்பியிருந்தான். நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். கதவில் என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். நீ கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசுகிறாய். அந்தப் பெண்ணின் வரியை வாசித்தாயா என்று விழாவுக்குப் போயிருந்த வெண்டெலிடம் கேட்டேன். வாசிக்கவில்லை என்றான். அதற்கு நன்றி.

கோப்பு போய்விட்டது என்று ரோக்ஸேன் சொன்னாள். அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. புதிய பள்ளிக்கு நானே எழுதினேன். ஓய்வு பெற்ற ஆசிரியையின் அக்கறைக்கு நன்றி, பழைய முதல்வரின் கையெழுத்து இருந்தால்தான் கோப்பில் எதையும் சேர்க்க முடியும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆகஸ்டில் ஓர் ஆலோசகர் ப்ரின்னைப் பார்ப்பாராம். முதல் சந்திப்புக்கு ஒரு தாள் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு: ‘பிறரோடு ஏற்படும் சச்சரவுகளை நான் எப்படிக் கையாள்வேன்?’

ப்ரின்னுக்கும் எழுதினேன். இதில் உனக்குப் பங்கு எதுவும் இல்லை, அந்த நாற்காலியைக் கண்டுபிடித்தவளே சொல்கிறேன் என்று. உதாரணம் எதுவும் வைக்கவில்லை. அவள் இரண்டு தடவை படித்தாளாம். பிறகு கையெழுத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டாளாம். எங்க பழைய டீச்சர் என்று ரோக்ஸேன் சொல்லியிருக்கிறாள்.

“ஸ்கூல்லேர்ந்து எதுவும் வரலையா?” என்று கேட்டிருக்கிறாள்.

இல்லை என்றதும் தாளை மடித்து உறைக்குள் வைத்து, அம்மாவிடமே கொடுத்துவிட்டாளாம்.

நீ திருப்பி அனுப்பிய சீட்டு என் மேசையில் இருக்கிறது. நீ சொன்னபடி உற்றுப் பார்க்கவில்லை. ஆனால் பென்சில் அழுத்தியது பின்பக்கம் விரலில் தட்டுப்படுகிறது. இரண்டு வரி எழுதியிருக்கிறாய். என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அதை எழுதத் தெரிந்திருக்கிறது உனக்கு, அழிக்கவும் முடிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

இருவரும் சொல்லும்வரை ஒருவரும் எழக் கூடாது என்பது நான் போட்ட விதி. என் பாதியை ஏப்ரலில் எழுதிவிட்டு இவ்வளவு நாளும் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றே காலிலிருந்து மூன்றரை வரை அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எனக்காகப் பேருந்து எதுவும் நிற்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த விதி தவறு, டோரீன். நான் எழுந்துகொள்கிறேன்.

லோர்னா ஃப்ரீசன்